கவுண்டி ஜெயிலில் இருப்பவருக்குக் கமிசரி பணம் போடுவது எப்படி, அந்தப் பணம் எங்கே போகிறது

அமெரிக்காவில் நமக்கு வேண்டிய ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று இரவு பதினோரு மணிக்கு ஃபோன் வந்தால், வக்கீல், ஜாமீன் இரண்டையும் பேசி முடித்த கையோடு வீட்டில் எழும் அடுத்த கேள்வி "உள்ளே ஏதாவது சாப்பிட்டானா?" என்பதுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கலாம், வீட்டுச் சண்டையில் யாரோ 911 என்ற அவசர எண்ணை அழைத்திருக்கலாம், காரணம் எதுவாகவும் இருக்கட்டும். டெக்சாஸில் இப்படி மாட்டிக்கொண்ட சில குடும்பங்களோடு கூடவே அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தயிர் சாதம் கட்டிக்கொண்டு ஜெயில் வாசலில் நின்ற ஒரு அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுச் சாப்பாடு உள்ளே போகாது. சோப்பு, உள்ளாடை, மாத்திரை, எதையும் பெரும்பாலான ஜெயில்களில் கையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பணம் மட்டும்தான் போகும், அந்தப் பணத்துக்கு உள்ளே இருக்கும் ஒரே கடை கமிசரி.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஜெயில் வேறு, பிரிசன் வேறு. தண்டனை பெற்று நீண்ட காலம் இருக்கும் இடம் பிரிசன், அதை மாநில அரசோ மத்திய அரசோ நடத்தும். கைதானதும் கொண்டுபோகும் இடம் ஜெயில், அது பெரும்பாலும் கவுண்டியுடையது (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி), பெரும்பாலான இடங்களில் தேர்தலில் ஜெயித்து வந்த ஷெரிஃப் என்ற கவுண்டிக் காவல் தலைவரின் பொறுப்பில் இருக்கும். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட், டெலாவேர், ஹவாய் போன்ற சில மாநிலங்களில் மட்டும் கவுண்டி ஜெயிலே கிடையாது, எல்லாம் மாநிலத்தின் கையில். மற்ற இடங்களில் கவுண்டிக்குக் கவுண்டி விதி மாறும், கடை நடத்தும் கம்பெனி மாறும், விலையும் மாறும். அதனால் பக்கத்துக் கவுண்டியில் இருந்தவர் சொன்ன அனுபவத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. நாட்டின் உள்ளூர் ஜெயில்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் இன்னும் தீர்ப்பு வராதவர்கள், சட்டத்தின் கண்ணில் நிரபராதிகள். கமிசரி விலையைப் பற்றிப் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். ஷெரிஃப் அலுவலகத்தின் தளத்தில் உள்ளே இருப்பவர்களின் பட்டியல் இருக்கும், அதில் பெயரைத் தேடி, ஜெயிலில் அவரைப் பதிவு செய்தபோது கொடுத்த புக்கிங் நம்பரை எடுக்க வேண்டும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் எஸ்.பி.என். என்ற எண்ணைக் கேட்பார்கள். இந்த முதல் படியிலேயே நம் ஆட்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் நம் பெயர் அமைப்பு இந்த ஊர்க் கணினிக்குப் பிடிபடாது. அப்பா பெயர்தான் அங்கே கடைசிப் பெயர். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டிருப்பார்கள், "முதல் பெயர் தெரியவில்லை" என்று அதற்கு அர்த்தம், டிரைவிங் லைசென்ஸிலும் அது அப்படியே ஏறியிருக்கக்கூடும். எனவே அப்பா பெயரைப் போட்டுத் தேடுங்கள், அப்புறம் மாற்றிப் போட்டுத் தேடுங்கள், எஃப்.என்.யூ. என்றும் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பிறந்த தேதியோடு ஜெயிலுக்கே ஃபோன் செய்து கேளுங்கள். கைதான சில மணி நேரத்துக்குப் பெயர் ஏறாமலும் இருக்கும், பதற வேண்டாம். பணம் போடும்போது பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறதோ அதே எழுத்துகளில்தான் போட வேண்டும், நாம் கூப்பிடும் பெயரில் போட்டால் திரும்பி வரும், இல்லையென்றால் நடுவில் நின்றுவிடும்.

அடுத்தது கணக்குகள், இதில்தான் அதிகம் பேர் பணத்தைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள். உள்ளே இருப்பவர் பெயரில் ஒரு பணக் கணக்கு இருக்கும், டிரஸ்ட் அக்கவுன்ட் அல்லது "புக்ஸ்" என்பார்கள், கைதானபோது பாக்கெட்டில் இருந்த ரொக்கமும் அதில்தான் வரவு வைக்கப்படும். கமிசரி வாங்குவது இந்தக் கணக்கிலிருந்து. ஃபோன் பேசுவதற்குப் பல இடங்களில் தனிக் கணக்கு, அது வேறொரு கம்பெனியிடம் இருக்கும். டேப்லெட்டில் மெசேஜ் அனுப்ப, படம் பார்க்க மூன்றாவதாக இன்னொன்று. ஃபோன் கணக்கில் 100 டாலர் போட்டுவிட்டு "இன்னும் சோப்பு வாங்கவில்லையா?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிதல்ல, சில இடங்களில் முடியவே முடியாது.

பணம் போடும் வழிகள் பொதுவாக நான்கு. ஆக்சஸ் கரெக்‌ஷன்ஸ், ஜேபே, கனெக்ட்நெட்வொர்க், டச்பே, ஜெயில்ஏடிஎம் போன்றவற்றில் அந்தக் கவுண்டி எதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறதோ அதன் தளத்தில் கார்டு போட்டுக் கட்டுவது ஒன்று. ஃபோனில் சொல்லிக் கட்டுவது இரண்டாவது. ஜெயில் முன்கூடத்தில் ஏடிஎம் மாதிரி நிற்கும் கியாஸ்க்கில் ரொக்கமோ கார்டோ போடுவது மூன்றாவது. தபாலில் மணி ஆர்டர் நான்காவது. முதல் மூன்றிலும் ஒவ்வொரு தடவைக்கும் சில டாலர் கட்டணம் பிடிப்பார்கள், ஃபோனில் சொல்லிக் கட்டினால் பெரும்பாலும் இன்னும் கூடுதல். மணி ஆர்டருக்குப் பல இடங்களில் அந்தக் கட்டணம் இல்லை, ஆனால் போய்ச் சேர நாளாகும். ஆகவே அவசரமான முதல் தடவை ஆன்லைனில் போட்டுவிட்டு, நாள் நீளும் என்று தெரிந்தால் மணி ஆர்டருக்கு மாறுங்கள். வாரம் 10 டாலராக நாலு தடவை போடுவதைவிட மாதம் 40 டாலர் ஒரே தடவை போட்டால் கட்டணம் மிச்சம். எந்தத் தளம் என்பதை ஷெரிஃப் அலுவலகப் பக்கத்தில் இருக்கும் இணைப்பிலிருந்தே போய்ப் பாருங்கள், கூகுளில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். "ஜெயிலிலிருந்து பேசுகிறேன், கிஃப்ட் கார்டு நம்பர் சொன்னால் இன்றே விட்டுவிடுவோம்" என்று யாராவது அழைத்தால் அது மோசடி, எந்த ஷெரிஃப் அலுவலகமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது.

முதல் தடவையே 300, 400 டாலர் போட்டுவிடாதீர்கள், இது என் அழுத்தமான அபிப்பிராயம். நீங்கள் போடும் பணம் முழுவதும் அவர் கைக்குப் போகும் என்று உறுதியில்லை. சில கவுண்டிகளில் புக்கிங் கட்டணம் உண்டு, டாக்டரைப் பார்த்தால் ஒரு தொகை உண்டு, தங்கியதற்குத் தினசரிக் கட்டணம் போடும் கவுண்டிகளும் உண்டு. கணக்கில் காசில்லாதபோது இவை கடனாக ஏறி நிற்கும், நீங்கள் பணம் போட்ட அன்று அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். சில இடங்களில் பாதி வரை கூடக் கழிவது உண்டு. கென்டக்கியின் கிளார்க் கவுண்டியில் 14 மாதம் ஜெயிலில் இருந்த ஒருவர் மேல் இருந்த வழக்கே கைவிடப்பட்டது, அதற்கப்புறமும் 4,000 டாலருக்கு மேல் தங்கல் கட்டணம் கேட்டார்கள். அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல், தண்டனை கொடுத்த நீதிமன்றம் உத்தரவிடாமல் அப்படி வசூலிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது கென்டக்கியில். உங்கள் கவுண்டியில் என்ன பிடிப்பார்கள் என்பதை ஜெயிலுக்கு ஃபோன் செய்து, "டெபாசிட் செய்தால் என்னென்ன கழியும்?" என்று நேராகவே கேளுங்கள். கையில் காசில்லை என்பதற்காக மருத்துவத்தை மறுக்க முடியாது, இதை உள்ளே இருப்பவருக்கும் சொல்லிவையுங்கள், கட்டணத்துக்குப் பயந்து நெஞ்சுவலியை மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் 30, 40 டாலர் போடுங்கள். கழிவு போக எவ்வளவு நின்றது என்று அவரிடமே கேளுங்கள். பிறகு கூட்டுங்கள்.

உள்ளே வாங்குவது நாம் கடைக்குப் போவது போல இல்லை. வாரம் ஒரு நாள், சில இடங்களில் இரண்டு நாள் ஆர்டர் எடுப்பார்கள், சுவரில் இருக்கும் கியாஸ்க்கிலோ டேப்லெட்டிலோ அல்லது கட்டம் நிரப்பும் தாளிலோ குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் தவறினால் இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டியதுதான், எனவே பணம் ஆர்டர் நாளுக்கு முந்தைய நாளே ஏறியிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பும் உண்டு. சாமான் கண்ணாடிப் பையில் மூடி, பெயரும் ரசீதும் போட்டு வரும். பையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ரசீதோடு எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், பிரித்த பிறகு குறைகிறது என்று சொன்னால் பெரும்பாலும் எடுபடாது. ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருந்தால் கமிசரியையே சில வாரம் நிறுத்திவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுபவர் என்றால் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். ஜெயில் தட்டில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். மத காரணத்துக்காகச் சைவ உணவு வேண்டும் என்று எழுத்தில் கேட்க வழி உண்டு, பொதுவாக ஜெயில் சாப்ளின் என்ற மதப் பணியாளர் மூலமாக. 2000-ஆம் வருடத்து மத்திய சட்டம் ஒன்று கைதிகளின் மத வழக்கங்களைக் காக்கிறது, கவுண்டி ஜெயிலுக்கும் அது பொருந்தும். அந்த அனுமதி வர நாளாகும். அதுவரை கமிசரியில் வேர்க்கடலை வெண்ணெய், டார்ட்டியா, பிஸ்கட், பழச்சாறுப் பொடி, ஓட்ஸ் மாதிரி ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ராமென் நூடுல்ஸ்தான் எல்லா ஜெயிலிலும் ராஜா, ஆனால் சிக்கன், பீஃப் என்று எழுதிய பொட்டலத்தில் மசாலாத் தூளில் பல சமயம் அது உண்மையாகவே இருக்கும். இன்னொரு எச்சரிக்கை. ராமென் அங்கே சாப்பாடு மட்டுமல்ல, பணமும்கூட. இன்று ஒன்று கடன் வாங்கினால் கமிசரி நாளில் இரண்டாகத் திருப்ப வேண்டும் என்பது உள்ளே எழுதாத வழக்கம். "பக்கத்தில் இருக்கும் நண்பர் கணக்கில் கொஞ்சம் போட்டுவிடுங்கள்" என்று அவர் ஃபோனில் சொன்னால், அது கடனாகவோ மிரட்டலாகவோ இருக்கலாம், உடனே போடாமல் வக்கீலிடம் சொல்லுங்கள். அந்த ஃபோன் பதிவாகிறது என்பதால் அதிலேயே குடைந்து கேட்க வேண்டாம்.

போட எதுவும் இல்லாதவர்களுக்கு என்ன என்றால், இன்டிஜென்ட் கிட் என்று ஒரு சின்னப் பை தருவார்கள், பல் துலக்க, குளிக்க, கடிதம் எழுத என்று கொஞ்சம். அதையும் சில கவுண்டிகள் கடனாக எழுதிவைத்து, பின்னால் பணம் வந்தால் பிடித்துக்கொள்கின்றன.

இனி பணம் போகும் பாதை. கமிசரியைக் கவுண்டி தன் வரிப்பணத்தில் நடத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதை நடத்துவது நீங்கள் போடும் பணம். கவுண்டி டெண்டர் விடும், கீஃப், அராமார்க் போன்ற பெரிய கம்பெனிகளோ வட்டார அளவில் இருக்கும் சின்ன கம்பெனிகளோ போட்டி போடும். ஜெயிக்கும் கம்பெனி சரக்கு கொண்டுவரும், கியாஸ்க் வைக்கும், கணக்கு மென்பொருள் தரும், இதற்கெல்லாம் கவுண்டி காசு கொடுக்காது. மாறாகக் கம்பெனிதான் கவுண்டிக்கு விற்பனையில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கும், 30, 40 சதவீதம் என்று பேசுவதெல்லாம் இந்தத் தொழிலில் சாதாரணம். இலவசம் என்று சொன்ன கியாஸ்க்கும் அந்தக் கமிஷனும் விலையில்தான் ஏறும். வால்மார்ட்டில் அரை டாலர்கூட ஆகாத ராமென் பொட்டலம் உள்ளே ஒரு டாலரைத் தாண்டுவது இப்படித்தான். அதிகக் கமிஷன் தருகிறவருக்கு டெண்டர் என்று கவுண்டி மதிப்பெண் போட்டால், வாங்குபவருக்குக் குறைந்த விலை தருகிறவர் தோற்றுப்போவார்.

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இன்னொன்று. சாப்பாட்டுத் தட்டு போடும் ஒப்பந்தமும் கமிசரி ஒப்பந்தமும் ஒரே கம்பெனிக் குழுமத்திடம் போகும் கவுண்டிகள் இருக்கின்றன. தட்டில் அளவு குறைந்தால் அங்கே செலவு மிச்சம், பசியில் கமிசரியில் வாங்கினால் இங்கே வரவு. மாநில பிரிசன்களை வைத்து பிரிசன் பாலிசி இனிஷியேடிவ் என்ற அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இல்லினாய், மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மூன்று மாநிலங்களிலும் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் வருடத்துக்குச் சராசரி 947 டாலர் கமிசரியில் செலவழித்தார், அதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்குத்தான் போயிருந்தது. தட்டு ஏன் சுருங்கும் என்பதற்கு அலபாமாவைப் பாருங்கள். கைதிகளின் சாப்பாட்டுக்கு வந்த பணத்தில் மிச்சமானதை ஷெரிஃபே வைத்துக்கொள்ளலாம் என்று பழைய சட்டம் ஒன்றுக்கு அங்கே பொருள் கொண்டிருந்தார்கள். எடோவா கவுண்டியின் அன்றைய ஷெரிஃப் மூன்று வருடத்தில் 7,50,000 டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டதும், கடற்கரையில் வீடு வாங்கியதும் 2018-இல் வெளியே வந்தது. அடுத்த வருடம்தான் சட்டத்தை மாற்றினார்கள்.

கமிஷனாக வரும் பணத்தைக் கவுண்டி என்ன செய்யலாம் என்பதை மாநிலச் சட்டம் சொல்கிறது. டெக்சாஸில் உள்ளாட்சிச் சட்டத்தின் 351.0415-ஆம் பிரிவு இந்தப் பணத்தை ஷெரிஃபின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. கைதிகளின் கல்வி, பொழுதுபோக்கு, மத ஆலோசனை, துணி, எழுதுபொருள், சுகாதாரப் பொருள், சட்ட நூலகம், கமிசரியை நடத்தும் ஊழியர் சம்பளம் ஆகியவற்றுக்குச் செலவழிக்கலாம், அதோடு கைதிகளின் நலன், பாதுகாப்பு, ஜெயிலின் பாதுகாப்பு இவற்றுக்கான கட்டட வேலை, கருவி, தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கும் செலவழிக்கலாம். அந்தக் கடைசி வரி ரொம்ப அகலம், கேமரா, கதவு எல்லாம் அதற்குள் நுழைந்துவிடும். ஆனால் அதே சட்டம் இரண்டு நல்ல காரியம் செய்திருக்கிறது. கமிசரி ஒப்பந்தத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதிதாக டெண்டர் விட வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவையாவது கவுண்டி ஆடிட்டர் முன்னறிவிப்பு இல்லாமல் கணக்கைப் பார்த்து கமிஷனர்ஸ் கோர்ட்டுக்கு (பெயர்தான் கோர்ட், அது கவுண்டியை நிர்வகிக்கும் குழு) அறிக்கை தர வேண்டும். ஃபுளோரிடாவில் அதே ஊர்க் கடையில் இருக்கும் நியாயமான விலையைத் தாண்டி விற்கக் கூடாது, லாபத்தை எதில் செலவழிப்பது என்று பரிந்துரைக்க ஒரு குழு வேண்டும், சாப்ளின் அதில் இருப்பது நல்லது என்றுகூடச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் லாபம் கைதிகள் நல நிதிக்குப் போகும், அதன் செலவைப் பிரித்துக்காட்டி ஷெரிஃப் வருடாவருடம் கவுண்டி மேற்பார்வையாளர்கள் வாரியத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த மாநிலத்தில், வாங்கிய விலைக்கு மேல் 35 சதவீதத்துக்கு அதிகமாக ஏற்றி விற்கக் கூடாது என்ற வரம்பு 2024-இல் வந்தது, ஆனால் அது மாநில பிரிசன்களுக்கு. கவுண்டி ஜெயிலில் சான் ஃபிரான்சிஸ்கோ வேறு வழி காட்டியது. அங்கே சராசரி 43 சதவீதமாக இருந்த கமிசரி ஏற்றத்தை முழுவதும் எடுத்துவிட்டு, ஃபோனையும் இலவசமாக்கினார்கள், 2019-இல் அறிவித்து அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. விட்ட வருமானத்தை நகரத்தின் பட்ஜெட் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். முடியாத காரியம் என்று எந்த ஷெரிஃபாவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஃபோன் கட்டணத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.க்கு 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அதிகாரத்தைத் தெளிவாக்கியது. கமிசரி விலைக்கு நாடு முழுவதற்குமாக அப்படி ஒரு காவலாள் இல்லை. ஆகவே கேள்வி கேட்க வேண்டியது உங்கள் கவுண்டியில்தான்.

கேட்பது எப்படி என்றால், முதலில் கவுண்டி ஆடிட்டர் தளத்தில் கமிசரி தணிக்கை அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள், பல இடங்களில் பொதுவிலேயே போட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பொதுத் தகவல் கோரிக்கை அனுப்புங்கள், நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரிதான், ஈமெயிலே போதும். டெக்சாஸில் வழக்கமாக 10 வேலை நாளுக்குள் பதிலோ காரணமோ வர வேண்டும், கலிஃபோர்னியாவில் கொடுக்க முடியுமா முடியாதா என்பதை 10 நாளில் சொல்ல வேண்டும். "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள், கட்டணமும் கேட்பார்கள். மூன்று மட்டும் கேளுங்கள்: கமிசரி ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும், இப்போதைய விலைப்பட்டியல், கடந்த நிதியாண்டின் கமிசரி வரவு செலவு. கையில் வந்ததும் ஒப்பந்தத்தில் கமிஷன் சதவீதத்தைப் பாருங்கள், பட்டியலில் சோப்பு, பற்பசை, ராமென், நாப்கின் நான்கையும் பக்கத்துக் கடை விலையோடு வையுங்கள், வரவு செலவில் கைதிகளுக்கு நேராகப் போனது எவ்வளவு என்று கூட்டுங்கள். கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு, சில நிமிஷம்தான் கிடைக்கும், இந்த எண்களே போதும். உங்கள் வீட்டு ஆளின் வழக்கு நடந்துகொண்டிருந்தால் பேசுவதற்கு முன் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் வேண்டாம்.

சாமான் வரவில்லை, பணம் காணோம் என்பது போன்ற தனிப்பட்ட புகார் என்றால் உள்ளே இருப்பவரே கிரீவன்ஸ் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும், நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள் புகார் வழியை முடிக்காமல் கைதிகள் மத்திய நீதிமன்றத்துக்குப் போக முடியாதபடி 1996-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். டெக்சாஸில் அதற்கு மேல் ஜெயில் தரநிலை ஆணையத்துக்கும் எழுதலாம், ஷெரிஃப்களின் கமிசரித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பது அவர்கள்தான்.

கடைசியாக, வெளியே வரும் நாள். கணக்கில் மிச்சம் இருப்பதைச் சில இடங்களில் காசோலையாகத் தருவார்கள், சில இடங்களில் டெபிட் கார்டாக. அந்தக் கார்டில் மாதக் கட்டணம், பேலன்ஸ் பார்க்கக் கட்டணம் என்று கரைந்துகொண்டே போகும். பிரிசனிலிருந்து வெளியேறுபவர்களுக்குக் கொடுத்த இத்தகைய கார்டுகளுக்காக ஜேபே மீது மத்திய நுகர்வோர் நிதி அமைப்பு 2021-இல் நடவடிக்கை எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு 40 லட்சம் டாலரும் அபராதமாக 20 லட்சமும் கட்ட வைத்தது. விடுதலைத் தேதி தெரிந்தால் அதற்கு முந்தைய வாரமே பணம் போடுவதை நிறுத்துங்கள். குடியேற்றத் துறையின் பிடிப்பாணை இருந்து வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்றாலும் அப்படியே, கணக்கும் தானாக அவரோடு போகும் என்று நம்ப வேண்டாம், மாற்றிய அன்றே பழைய ஜெயிலுக்கு ஃபோன் செய்து மிச்சம் எங்கே அனுப்பப்பட்டது என்று கேட்டு, பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கார்டுதான் கிடைத்தது என்றால் கட்டணம் ஏறுவதற்குள் அன்றைக்கே முழுத் தொகையையும் எடுத்துவிட்டு, ரசீதையும் கார்டையும் சில மாதம் பத்திரமாக வைத்திருங்கள்.